பழைய கடைவீடும் புதிய பாட்டும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பண்பாடு, நகர வளர்ச்சி, இசை வியாபாரம் பற்றிய புத்தகங்களைப் பேசச் சொன்னார்கள். கதையும் கவிதையும் பேசிப் பழகிய மேடையில் இப்படியொரு தலைப்பைத் தந்ததற்கே நன்றி. மூன்றும் வேறு வேறு சங்கதிகளாகத் தெரியலாம். என் கணக்கில் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கடை வாடகையில்.

அமெரிக்கப் பெருநகரங்களின் சாவையும் வாழ்வையும் பற்றி ஜேன் ஜேக்கப்ஸ் 1961ல் எழுதிய நூலில், பழைய கட்டடங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. புதிதாகக் கட்டியவர் போட்ட முதலை எடுத்தாக வேண்டும், வாடகை ஏறும். சூப்பர் மார்க்கெட் அதைத் தாங்கும், வங்கி தாங்கும், மானியம் வாங்கும் ஓபரா அரங்கமும் தாங்கும். ஆனால் வாத்தியக் கருவி விற்பவருக்கும், ஓவியருக்கும், நாலு பேர் உட்கார்ந்து காசு வராத விஷயங்களைப் பேசும் பின்னறைக்கும் பழைய கட்டடம்தான் கதி என்கிறார் அவர். அதைப் படித்த அன்று, கீழே கடையும் மேலே வீடுமாக நிற்கும் நம் ஊர்க் கடைவீடுகளின் மாடிகளை அண்ணாந்து பார்த்தேன்.

நம் நாட்டிலும் 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997ல் வந்தது. 2000 பிறந்தபோது கட்டுப்பாடு முழுதாகப் போய்விட்டது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பல குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் பெட்டி கட்டினார்கள்.

டேவிட் பைர்ன் பாடகர். இசை எப்படி இயங்குகிறது என்று 2012ல் எழுதினார். நியூயார்க்கில் அவருடைய குழு வளர்ந்த சின்ன மதுக்கூடத்தை வைத்து, ஓர் ஊரில் புது இசை முளைக்க என்னென்ன வேண்டும் என்று சொல்கிறார். வாடகை குறைவாக இருக்க வேண்டும், குறைவாகவே நீடிக்கவும் வேண்டும். வாசிப்பவனுக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும். தன் ஆல்பத்தின் வரவு செலவையும் ஒளிக்காமல் எழுதிவிட்டார். நம் கலைஞர்களில் யாராவது அப்படி எழுத மாட்டார்களா என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. அந்த மதுக்கூடம் 2006ல் வாடகைத் தகராறில் மூடப்பட்டது.

அதே 2006ல்தான் நம் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்தது. மலேசியத் தமிழ்ப் பையன்களின் ராப் தமிழ்நாட்டையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

அப்புறம், பீட்டர் மானுவல் வட இந்தியக் கேசட்டுகளைப் பற்றி 1993ல் எழுதிய நூல். எச்.எம்.வி. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கையில் இருந்த சந்தையைக் கேசட் உடைத்தது. பதிவுச் செலவு குறைந்ததும் சினிமாவுக்கு வெளியே கிடந்த வட்டாரப் பாடல்களுக்கும் வழி திறந்தது. திருட்டுப் பதிவும் கூடவே வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நம் ஊர் ரப்பர்த் தோட்டம் கைமாறி அங்கே வேலை செய்த மக்கள் இடம்பெயர்ந்ததை எழுதியவர்கள் இருக்கிறார்கள். சிலாங்கூர் தோட்டங்களில் கோயிலுக்காகவும் வீட்டுக்காகவும் நடந்த போராட்டங்களை ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014ல் நூலாக்கினார். ஆனால் கூடவே இடம்பெயர்ந்த உருமி மேளம்? தோட்டத்துக் கோயில் திடலில் அடித்துப் பழகிய பையன்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் எங்கே பழகுகிறார்கள்? தைப்பூசத்தில் ஒரு காவடிக்கு எத்தனை வெள்ளி பேசுகிறார்கள், அதில் வேன் வாடகை போக ஆளுக்கு என்ன மிஞ்சுகிறது? கேசட் கடை வைத்திருந்த அண்ணன் எந்த வருஷம் கடையை இழுத்து மூடினார், அப்போது வாடகை எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் புத்தகத்தை நாம்தான் எழுத வேண்டும். வெளியூர்க்காரருக்கு இது தோன்றாது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? வீட்டில் பழைய திருவிழா நோட்டீஸ், குழுவுக்குக் காசு கொடுத்த ரசீது, கடை வாடகைச் சீட்டு எது கிடந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம்.