சிங்கப்பூர்ல ஓடி (OT, அதாவது ஓவர்டைம்) காசு சரியா வருதா? நீங்களே போட்டுப் பாருங்க

வணக்கம் மக்களே. போன வாரம் சைட்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் பே ஸ்லிப்ப வாட்ஸப்ல அனுப்பி, "அண்ணே, 60 மணி நேரம் ஓடி பாத்துருக்கேன், 252 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) ஏறிருக்கு, சரியாண்ணே?"ன்னு கேட்டாரு. சரியில்ல தம்பி.

(திரையில் அந்த பே ஸ்லிப், பேர மறைச்சு)

இதுல மொத்த சம்பளத்த பாக்காதீங்க, பேசிக்க, அதாவது அடிப்படைச் சம்பளத்த பாருங்க, 800 வெள்ளி. அத 12-ஆல பெருக்குனா 9,600, அத 2,288-ஆல வகுங்க. அது எங்கருந்து வந்துச்சுன்னா வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம், ரெண்டையும் பெருக்குனது. 4 வெள்ளி 20 காசு கிட்ட வருதா, இது சாதா ரேட்டு. ஓடிக்கு குறைஞ்சது ஒன்றரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. 60 மணிக்கு 378 வெள்ளி கிட்ட வரணும். கம்பெனி சாதா ரேட்டையே போட்டு 126 வெள்ளிய அமுக்கிருச்சு, அதுவும் ஒரே மாசத்துல.

உடல் உழைப்பு வேலைன்னா பேசிக் 4,500 வெள்ளி வரைக்கும் சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்துல இருக்குற இந்த ஓடி விதி பொருந்தும், ஒர்க் பர்மிட்ல வந்தவங்களுக்கும்தான். வீட்டு வேலை செய்ற அக்காமாருக்கு கிடையாது, அது ஒரு தனிக் கொடுமை. "நீதான் சைன் போட்டியே, சம்பளத்துலயே ஓடி அடக்கம்"னு சூப்பர்வைசர் சொன்னா மிரளாதீங்க, சட்டத்த விட கம்மியா எழுதுன கண்டிஷன் செல்லாது.

ஞாயித்துக்கிழமை மேட்டர் வேற. உங்க லீவு நாள்ல முதலாளி கூப்ட்டு முழு நாள் வேலை வாங்குனா ரெண்டு நாள் சம்பளம், நீங்களா கேட்டு வந்தா ஒரு நாள்தான், அதனாலதான் சில எடத்துல "நானா விரும்பி வந்தேன்"னு ஒரு பேப்பர நீட்டுவாங்க, படிக்காம கையெழுத்து போட்றாதீங்க.

ஓடி காசு சம்பள மாசம் முடிஞ்சு 14 நாளுக்குள்ள வந்துரணும். வரலன்னா டாடெம்ல (TADM, சம்பளத் தகராற தீர்த்து வைக்கிற அமைப்பு) கம்ப்ளைன்ட் பண்ணலாம். வேலைல இருந்தா ஒரு வருஷத்துக்குள்ள, வேலைய விட்டுட்டா 6 மாசம்தான், ஊருக்குப் போய் பாத்துக்கலாம்னு இருந்தீங்கன்னா போச்சு. டைம் கார்ட டெய்லி போட்டோ எடுங்க, கார்டே இல்லன்னா சின்ன நோட்டுல தேதி, வேலை ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், சாப்பாட்டு பிரேக்கு, எந்த சைட்டுன்னு அன்னன்னைக்கே எழுதி வைங்க, மாசக் கடைசில மொத்தமா எழுதுனா நமக்கே ஞாபகம் இருக்காது.