மானின் பின்சப்பையைப் பாருங்கள்

நண்பர்களே, வேட்டைத் தடுப்புக் காவலர்களே, காட்டோரம் நடக்கும் இளைஞர்களே, வணக்கம். மானின் பின்சப்பையை, அதாவது வாலுக்கு மேலே இடுப்பை ஒட்டிய சதையை, தூரத்திலிருந்து பார்த்தே அது தேறியிருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று சொல்வதைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

நீலகிரியில் மானின் உடம்பைக் கூர்ந்து பார்த்தவர்கள் முதலில் வேட்டைக்காரர்கள்தான். 1879-லேயே இந்த மலைக்கென்று தனியாக ஒரு வேட்டைச் சட்டம் வந்து, சுடக் கூடாத காலத்தை அரசு அறிவிக்க வழி செய்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை நின்றது. நிற்கத்தான் வேண்டும். ஆனால் தோலை உரித்து, வயிற்றைக் கிழித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அதை நாம் தொலைத்துவிடக் கூடாது.

மான் இளைக்கும்போது கொழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றாகக் கரைவதில்லை. முதலில் போவது முதுகிலும் பின்சப்பையிலும் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு. அடுத்தது குடல் சவ்வில் இருப்பது. பிறகு குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றி இருப்பது. கடைசியாகத்தான் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் உடம்பு கை வைக்கிறது. குண்டிக்காய்க் கொழுப்பை நிறுத்து, குண்டிக்காயின் எடையால் வகுத்து, 100-ஆல் பெருக்கும் கணக்கை 1955-ல் ரைனி என்ற ஆய்வாளர் நியூசிலாந்துச் செம்மான்களை வைத்து எழுதினார். உயிருள்ள மானில் அது நமக்கு ஆகாது. நமக்குப் பின்சப்பை போதும்.

எப்படிப் பார்ப்பது? மான் நின்றுகொண்டிருக்க வேண்டும். பைனாகுலரில் முதலில் பின்பக்கம், பிறகு பக்கவாட்டு. தேறிய மானுக்கு வால் மூட்டிலிருந்து இடுப்பெலும்பு வரை மேடு உருண்டையாக இருக்கும், எலும்பின் முனை தெரியாது. அடுத்த நிலையில் அந்த மேடு தட்டையாகி, இடுப்பெலும்பு முனை துருத்தும். மோசமான நிலையில் வாலுக்கு இருபுறமும் குழி விழும், முதுகுத்தண்டின் முள் வரிசையாகத் தெரியும், விலா எண்ணலாம். மூன்றே படிகள், 3, 2, 1 என்று எழுதினால் போதும். ஐந்து படி, பத்து படி என்று பிரித்தால் ஒரே மானுக்கு ஆளுக்கொரு எண் வரும், பதிவேடு பயனில்லாமல் போகும்.

வயிற்றைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். காய்ந்த புல்லைத் தின்ற மானுக்கு இரைப்பை பெருத்து, பட்டினி உடம்பும் பருத்ததாகத் தெரியும். சினை வயிறும் அப்படித்தான். மாலைச் சாய்வெயிலில் நல்ல மானுக்கும் விலா தெரியும். மழையில் நனைந்தால் மயிர் ஒட்டிக்கொண்டு ஒரு படி குறைத்துக் காட்டும். கடமானின் முரட்டு மயிரோ விலாவை மறைத்துவிடும், அதற்கு இடுப்பெலும்பை மட்டுமே நம்புங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு மான் இளைத்திருக்கிறது என்று சொல்வதற்கு முன் எந்த மாதம், ஆணா பெண்ணா, எந்தச் சரிவு என்ற மூன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே புள்ளிமான் கூட்டத்துக்குள்ளேயே இரண்டு பஞ்சாங்கம் ஓடுகிறது.

முதுமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புள்ளிமான் குட்டியை எந்த மாதத்திலும் பார்க்கலாம். ஆனாலும் இணைசேரும் வேகம் வைகாசி, ஆனியை ஒட்டி ஏறுகிறது. சினைக்காலம் ஏறத்தாழ எட்டு மாதம், ஆக நிறைய குட்டிகள் தை, மாசி, பங்குனியில் தரையில் விழுகின்றன. அதாவது புல் காய்ந்து, காட்டுத்தீ பயம் தொடங்கும் நேரத்தில்தான் தாய் பால் கொடுக்கிறது. பெண் மானுக்கு ஆண்டின் அடிமட்டம் பங்குனி, சித்திரை. கோடை மழை விழுந்து தளிர் வந்தாலும் சப்பை உடனே தேறாது. இளம் புல்லில் தண்ணீர்தான் அதிகம், புழுக்கையும் உதிராமல் இளகி ஒட்டிக்கொண்டு விழும். அந்தச் சில வாரங்களில் கண்ணுக்குக் காடு பச்சை, மானின் உடம்பு இன்னும் வறட்சியில்.

ஆணின் கதை வேறு. இணைசேரும் காலத்தில் அது மேய்வதை விட்டுக் கத்துவதிலும் விரட்டுவதிலும் முட்டுவதிலும் நாளைக் கழிக்கிறது. ஆடியில் முழங்கால் உயரப் புல்லுக்குள் நின்றுகொண்டு இடுப்பெலும்பு துருத்தியிருக்கும் ஆண் மானைப் பார்த்து மேய்ச்சல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அது பசியால் இளைக்கவில்லை. அதே ஆடியில் பெண் மான் 1-ல் இருந்தால் மட்டும் நோயோ, குடற்புழுவோ, காயமோ என்று தேடுங்கள். ஆகையால் காட்டின் நிலையை அறிய வேண்டுமானால் வளர்ந்த பெண் மான்களை மட்டும் எண்ணுங்கள், ஆணைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை ஆண், பெண் இரண்டும் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு நெல்லிக்காய் கை கொடுக்கிறது. மரத்தடியில் உதிர்ந்த காயை மான் விழுங்கி, படுக்கும் இடத்தில் அசைபோட்டுக் கொட்டையைத் துப்பும். நிழலில் குவியலாகக் கிடக்கும் சுத்தமான நெல்லிக் கொட்டைகளைப் பார்த்தால் அது மான் படுத்த இடம். நெல்லிக்காய் காய்க்காத ஆண்டில் மாசியிலேயே சப்பை இறங்கத் தொடங்குகிறதா என்று கவனிப்பது நல்ல வேலை.

சரிவு ஏன் முக்கியம்? கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. மசினகுடி, மாயாறு பக்கம் மழை மறைவு, அங்கே வடகிழக்கு மழையையும் சேர்த்துத்தான் கணக்கு. இரண்டு இடத்து மானையும் ஒரே அட்டவணையில் கொட்டினால் ஒன்றும் புரியாது. சாலையோர மான்களையும் தனியாக வையுங்கள். அங்கே வெட்டிவிட்ட குறும்புல் இருக்கிறது, சுற்றுலா வண்டிகள் போடும் எச்சிலும் இருக்கிறது. அவற்றின் சப்பை காட்டுக்குச் சாட்சியாகாது.

மேல்மலைக்கு இது பொருந்தாது. நீலகிரியில் முக்குருத்தி, அவலாஞ்சி, பழனி மலையில் பேரிஜம் பக்கமெல்லாம் கடமானின் நாடு. அங்கே கஷ்டகாலம் வெயிலில் மட்டும் இல்லை. மார்கழி, தையில் உறைபனி புல்லைக் கருக்கிவிடும், கடமான் சோலை ஓரத்தில் இலையையும் கொழுந்தையும் நம்பி நிற்கும். அதன் இணைசேர்க்கையும் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டியே. எனவே பெரிய ஆண் கடமான் தையில் ஒட்டி உலர்ந்து நிற்பது வியப்பில்லை. கொம்பு உதிரும் காலம் அவ்வளவு ஒழுங்காக வராததால், கொம்பைப் பார்த்து மாதத்தைக் கணிக்க வேண்டாம்.

கடைசியாக மஜ்ஜை. புலியோ செந்நாயோ தின்று விட்டுப்போன உடலில் தொடையெலும்பு மிஞ்சியிருந்தால், வனத்துறை அனுமதியோடு அதன் நடுவில் உடைத்துப் பாருங்கள். மெழுகு போல வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் அந்த மான் பட்டினியால் தளர்ந்து மாட்டவில்லை. சிவந்து, கொழகொழவென்று ஒளி ஊடுருவும்படி இருந்தால் கடைசிச் சேமிப்பும் தீர்ந்துவிட்டது. அளந்து சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் மஜ்ஜையை நிறுத்து, முழுக்க உலர்த்தி, மறுபடி நிறுங்கள். உலர்ந்தபின் மிஞ்சும் எடையின் சதவீதம் கொழுப்பின் அளவுக்கு மிக அருகில் வரும். குட்டிகளில் மஜ்ஜை இயல்பாகவே சிவப்பு, அதை வைத்துப் பட்டினி என்று முடிவு கட்டாதீர்கள். வெயிலில் பல நாள் கிடந்த எலும்பும் பொய் சொல்லும்.

தின்னப்படாத உடலில் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வடிந்திருந்தால் கிட்டவே போகாதீர்கள், எந்த எலும்பையும் தொடாதீர்கள். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். கிழித்துவிட்டால் அதன் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.