மாத்தேரானில் ஒரு காயாமரம்

அனைவருக்கும் வணக்கம். நம் மும்பை மாட்டுங்காவில் ‘காயாம்பூ வண்ணா’ என்று பெருமாளைக் கூப்பிடாத வீடு குறைவு. அந்தக் காயாம்பூவைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 50 வயது வரை நானும் பார்த்ததில்லை. தாதரில் கர்ஜத் லோக்கல் ரயில் ஏறி நேரலில் இறங்கினால், எதிரே நிற்கிற மாத்தேரான் மலைமேல் அது பூக்கிறது.

மராத்தியில் ‘மாத்தா’ என்றால் தலை, ‘ரான்’ என்றால் காடு. தலையில் காடு சுமந்த மலை, சுமார் 800 மீட்டர் உயரம். 1850-இல் தானே கலெக்டர் ஹியூ மேலட் இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. தாக்கூர், காத்கரி, தன்கர் மக்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள்தானே!

1907-இல் பம்பாய் தொழிலதிபர் ஆதம்ஜி பீர்பாயின் குடும்பம் சொந்தப் பணத்தில் நேரலிலிருந்து மலைக்கு ரயில் போட்டது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. 2005 ஜூலை மழை அதை அடித்துக்கொண்டு போனது; 2007-இல் மறுபடி ஓடியது.

சரி, காயாவுக்கு வருகிறேன். ஒரு மார்ச் மாதம், செம்மண் பாதையில் நடக்கிறேன். ஒரு மரத்தின் கிளை முழுக்க, கணுவுக்குக் கணு, பட்டையோடு ஒட்டினாற்போல் கொத்துக் கொத்தாகக் கருநீலப் பூ. அருகே போனால் ஒவ்வொன்றும் மிளகளவுதான். குதிரைக்காரரிடம் பெயர் கேட்டேன். “அஞ்சனி” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முல்லைப்பாட்டில் காயா அஞ்சனம் போல மலர்கிறது! நம் புலவர் உவமையாகச் சொன்ன மை, மராத்தியில் மரத்துக்கே பெயராகிவிட்டது.

இந்த மரங்கள் நிற்பதற்கு ஒரு காரணம், வண்டிப் பாதை முடிகிற தஸ்தூரி நாக்காவுக்கு மேல் நம் கார்கள் போக முடியாது. 2003-இல் மத்திய அரசு இதைச் சூழல் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. மனிதனை மனிதன் இழுத்த கை ரிக்‌ஷாவையும் ஆறு மாதத்தில் நிறுத்தச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எவ்வளவோ முன்பே வந்திருக்க வேண்டிய உத்தரவு.

ஆனாலும் கவலை இருக்கிறது. மழைக்குச் செம்மண் கரைந்து, பாதையோர மரங்களின் வேர் வெளியே தெரிகிறது. அந்த வேர்களுக்கு நடுவே நாம் போட்டுவிட்டு வந்த சிப்ஸ் பாக்கெட்டுகள். பார்க்கப் பொறுக்கவில்லை.

வருகிற மார்ச்சில் நான் போகிறேன். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். காலை முதல் லோக்கல். ஆளுக்கொரு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், குப்பை பொறுக்கி வர. கிளையை மட்டும் யாரும் ஒடிக்க வேண்டாம்.