கண் சொட்டுக்கு 420 ரூபாயா? அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன்!

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பில் இருக்கிறேன். ராத்திரி எடிட்டிங் உட்கார்ந்தால் என் கண் எரியும், மேஜையில் செயற்கைக் கண்ணீர் பாட்டில் நிற்கும். பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த முறை டாக்டர், பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டுக்கு மாறச் சொல்லிவிட்டார். மருந்துக் கடையில் கேட்டால் 420 ரூபாய்! பழைய பாட்டில் 130தான். இது குட்டிக் குட்டி பிளாஸ்டிக் குப்பி. ஒன்றை உடைத்தால் அன்றைக்கே முடித்து, மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டும். மூடியைத் திருகுவது தனிக் கலை. குப்பியின் வயிற்றைப் பிடித்தால் பாதி மருந்து சட்டைக்குப் போய்விடும். கழுத்தைப் பிடிக்க வேண்டும். பாருங்கள்... டக்! கேட்டதா? இன்னொன்று உடைத்துக் காட்டட்டுமா? வேண்டாம், காசு.

சரி, அப்படி என்ன வித்தியாசம் என்று பழைய அட்டையைத் திருப்பினேன். பென்சல்கோனியம் குளோரைடு, 0.01 சதவீதம். பாட்டிலுக்குள் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் இதுதான். சோப்பு குணம் உள்ள பொருள். கிருமியின் சவ்வைப் பதம் பார்ப்பது நம் செல்லை மட்டும் விட்டுவிடுமா? கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவின், மேலடுக்குச் செல்லுக்குள் புகுந்து மைட்டோகாண்ட்ரியாவில் கைவைக்கிறது. அங்கே எலக்ட்ரான்கள் வரிசையாகக் கைமாறித்தான் செல்லுக்குச் சக்தி கிடைக்கிறது. நடுவில் தடங்கல் வந்தால் சில எலக்ட்ரான்கள் நழுவி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் சூப்பர் ஆக்சைடு. கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் சும்மா விடாத ஜாதி அது. செல்லால் சமாளிக்க முடியாத அளவுக்கு இப்படிச் சேர்ந்தால், அதற்குப் பெயர்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமும் தளர்கிறது. உலர் கண்ணுக்கு விடும் மருந்தே கண்ணை மேலும் உலர்த்தினால் எப்படி?

கருவிழியும் லேசுப்பட்டது இல்லை. ரத்தக் குழாயே கிடையாது, ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. பகல் முழுக்கப் புற ஊதாக் கதிர் வேறு. அதனால் முன்னேற்பாடு பலமாக இருக்கிறது: கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரில், சூப்பர் ஆக்சைடு போன்றவற்றை அடக்கும் வைட்டமின் சி, ரத்தத்தில் இருப்பதைப் போல் சுமார் 20 மடங்கு! எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. மேலடுக்கு 7 முதல் 10 நாளில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எண்டோதீலியம் என்கிற உள்பக்கத்துச் செல் அடுக்கு அப்படி இல்லை. அந்த செல்கள் பெருகுவதில்லை, போனால் போனதுதான்.

அய்யோ, லென்ஸ் விஷயத்தை விட்டுவிட்டேனே! சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் இந்த பென்சல்கோனியத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும், குறைந்தது கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி மாட்ட வேண்டும்.

எல்லா பிரிசர்வேட்டிவும் மோசம் என்று கமென்டில் ஆரம்பிக்காதீர்கள். சோடியம் பெர்போரேட் என்று ஒன்று உண்டு. கரைசலில் துளியூண்டு ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கும். கண்ணுக்குள் போனதும் அங்குள்ள காடலேஸ் நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். கெட்டிக்காரத்தனம்! ஆனால் கண்ணில் பன்னீர் ஊற்றச் சொல்லும் ஷார்ட்ஸ்களை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள், பார்த்தாலே எரிச்சல்.

பென்சல்கோனியம் உள்ள சொட்டை எப்போதாவது விடுபவர்கள் பதற வேண்டாம். ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் விடுபவர்கள் டாக்டரிடம் கேளுங்கள். கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய்க்கான மருந்திலும் பென்சல்கோனியம் இருக்கலாம், அதை வருடக்கணக்கில் விடுவார்கள். அவர்களும் கேட்கலாம், ஆனால் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளாகோமாவில் போகும் பார்வை திரும்பி வராது.