ஏஐ-கிட்ட கேட்டு 19 புத்தகத்தைத் தூக்கிட்டாங்க! ஸ்கூல் லைப்ரரியில நாவலுக்குத் தடை போடலாமா?

[திரை இருட்டு. கீபோர்டு தட்டுற சத்தம் மட்டும்.]

"இந்தப் புத்தகத்துல உடலுறவுக் காட்சி இருக்கா?"

கேட்டது ஒரு பள்ளி நிர்வாகம். பதில் சொன்னது சாட்ஜிபிடி. "ஆமா"ன்னு வந்துச்சுன்னா புத்தகம் லைப்ரரியை விட்டு வெளியே. "இல்ல"ன்னா உள்ளே. அவ்ளோதான் விசாரணை. வாய்தா கூட கிடையாது.

[வெளிச்சம்.]

வணக்கம் மக்களே! கதை விடறேன்னு நினைக்காதீங்க. 2023 ஆகஸ்ட், அமெரிக்காவுல அயோவா மாநிலம், மேசன் சிட்டிங்கிற ஊர். அந்த ஊர் பள்ளி நிர்வாகம் இப்படித்தான் 19 புத்தகத்தை எடுத்துச்சு. லிஸ்ட்ல பாதிக்கு மேல டீனேஜ் பசங்களுக்குன்னே எழுதின நாவல்கள்.

ஏன் இந்தக் கூத்து? பின்னணியை சீக்கிரமா சொல்லிடறேன், தூங்கிடாதீங்க. அந்த வருஷம் மே மாசம் அயோவாவுல ஒரு சட்டம் வந்துச்சு. எல்கேஜி-லேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் எந்தப் பள்ளி நூலகத்துலயும் உடலுறவை விவரிக்கிற, படமா காட்டுற புத்தகம் இருக்கக் கூடாது. ஆறு வயசுக் குழந்தைக்கும், ஓட்டு போடற வயசுல நிக்கிற பன்னெண்டாவது பையனுக்கும் ஒரே ரூல். மத நூல்களுக்கு மட்டும் விலக்கு. மேசன் சிட்டிக்காரங்க என்ன சொன்னாங்கன்னா, அத்தனை புத்தகத்தையும் ஆள் வெச்சுப் படிக்கிறது நடக்கற காரியமில்ல. அதனால, வழக்கமா எதிர்ப்பு வர்ற புத்தகங்களோட லிஸ்ட்டை எடுத்து ஏஐ-கிட்ட கேட்டோம்னு.

அவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு. சட்டத்தைப் போட்டவங்க படிக்கச் சொல்லி ஆளும் தரல, நாளும் தரல. ஆனா...

சாட்ஜிபிடி ஒரு புத்தகத்தைப் பத்தி எப்படிப் பதில் சொல்லுதுன்னு தெரியுமா? அலமாரியிலேர்ந்து எடுத்துப் பக்கம் பக்கமா புரட்டிப் பாத்து சொல்றதில்ல. இதுவரைக்கும் அது விழுங்கின கோடிக்கணக்கான வரிகளை வெச்சு, இந்தக் கேள்விக்கு அடுத்து எந்த வார்த்தை வந்தா பொருத்தமா இருக்கும்னு கணிச்சு எழுதுது.

நம்ம கிளாஸ்ல ஒருத்தன் இருப்பான். துணைப்பாடக் கதையை ஒரு நாள் கூட திறந்திருக்க மாட்டான். பரீட்சைக்குப் போற வழியில, பஸ்ல, பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட "மச்சான், கதை என்னடா?"ன்னு கேட்பான். ரெண்டு ஸ்டாப்ல கேட்டதை வெச்சு ஒன்றரைப் பக்கம் எழுதுவான். முன்னுரை, முடிவுரை, நடுவுல பச்சை மையில அடிக்கோடு வேற! அஞ்சுக்கு நாலு மார்க்கும் வாங்கிடுவான். அவன் பெரும்பாலும் சரியாத்தான் எழுதுவான், அதுதான் ஆபத்தே. எப்ப தப்பா எழுதுறான்னு அவனுக்கும் தெரியாது, திருத்துற டீச்சருக்கும் தெரியாது. ரெண்டுக்கும் ஒரே அழகான கையெழுத்து.

அந்தப் பையனை நீதிபதி நாற்காலியில உக்கார வெச்ச மாதிரிதான் மேசன் சிட்டியில நடந்தது.

[திரையில்: அமெரிக்க ஃபுட்பால் மைதானம், இரவு, விளக்கு வெளிச்சம்.]

அந்த 19-ல ஒண்ணு 'ஃபிரைடே நைட் லைட்ஸ்'. 1990-ல வந்தது. டெக்சாஸ் மாநிலத்துல ஒடெஸாங்கிற ஊரு, அங்க ஒரு ஸ்கூல் ஃபுட்பால் டீம், ஊரே அந்த டீம் பின்னாடி பைத்தியமா அலையுது, அதைப் பத்தின நிஜக் கதை. கவனிங்க, அது நாவலே கிடையாது! எழுதினவர் பஸ் பிஸ்ஸிங்கர். தன் புத்தகத்துல அப்படி ஒரு காட்சியே இல்லைன்னு அவர் சொன்னார். எழுதினவரே சொல்றார், இல்லைன்னு. பத்திரிகைக்காரங்க அந்த லிஸ்ட்டை வெச்சு அதே சாட்ஜிபிடிகிட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்டப்போ வேற வேற பதில் வந்துச்சு. நேத்து குற்றவாளி, இன்னைக்கு நிரபராதி.

சரி, தப்பா சொன்னதை விடுங்க. சரியா சொன்னா? அங்கதான் எனக்கு நிஜமான பிரச்சினையே.

அதே லிஸ்ட்ல இன்னொரு புத்தகம், 'சோல்ட்'. பாட்ரிசியா மெக்கார்மிக் எழுதின டீனேஜ் நாவல், 2006. கதை நடக்கறது அமெரிக்காவுல இல்ல, நேபாளத்துலயும் நம்ம கொல்கத்தாவுலயும். லட்சுமின்னு பதிமூணு வயசுப் பொண்ணு. மலைக் கிராமம், ஓலைக் குடிசை. அந்தப் பொண்ணோட பெரிய கனவு என்ன தெரியுமா? அம்மாவுக்கு ஒரு தகரக் கூரை போட்டுக் குடுக்கணும். மழை பேஞ்சா ஒழுகாத கூரை, அவ்ளோதான். சூதாடற மாற்றாந்தகப்பன் அவளை வித்துடறான். பட்டணத்துல வீட்டு வேலைக்குப் போறோம்னு நினைச்சுக்கிட்டுத்தான் அவ கிளம்புறா. போய்ச் சேர்றது ஒரு விபச்சார விடுதி.

ஒவ்வொரு அத்தியாயமும் கவிதை மாதிரி குட்டி குட்டியா இருக்கும். சிலது அரைப் பக்கம் கூட இருக்காது. என்னை ரொம்ப நாள் தூங்க விடாத ஒரு விஷயம் சொல்றேன். லட்சுமி படிப்புல கெட்டி, கணக்கு நல்லா வரும். விடுதி நடத்துற மும்தாஜ் ஒரு கணக்குப் புஸ்தகம் வெச்சிருப்பா. உன்னை இவ்ளோ குடுத்து வாங்கினேன், சாப்பாட்டுக்கு இவ்ளோ, மருந்துக்கு இவ்ளோன்னு கடன் ஏறிக்கிட்டே போகும். இந்தக் குழந்தை உக்காந்து, ஸ்கூல்ல கத்துக்குடுத்த அதே கூட்டல் கழித்தலை வெச்சு, எத்தனை நாள்ல வீட்டுக்குப் போகலாம்னு கணக்குப் போடும். மளிகைக் கடை நோட்டு எழுதற மாதிரி. கொத்தடிமைன்னா என்னன்னு ஒரு பாடப்புத்தகத்துல இருபது பக்கம் போட்டாலும் இது மாதிரி உள்ள இறங்காது.

இப்ப அந்தக் கேள்விக்கு வாங்க. இந்தப் புத்தகத்துல உடலுறவு வருதா? வருது. பலாத்காரம் வருது. ஆக, ஏஐ சொன்ன பதில் நூத்துக்கு நூறு சரி! கேள்விதான் அபத்தம். அந்தக் கேள்வி 'எதுக்காக வருது'ன்னு கேட்கல, 'படிக்கிற பொண்ணு அதைப் படிச்சு முடிச்சதும் எதை நெனச்சுப் பயப்படுவா, யாரை நம்ப யோசிப்பா'ன்னு கேட்கல. வேலை வாங்கித் தரேன்னு கூப்பிடற ஆளை நம்பாதேன்னு பதிமூணு வயசுப் பொண்ணுகிட்ட சொல்ற புத்தகத்தை, பதிமூணு வயசுப் பொண்ணு கையிலேர்ந்து பிடுங்கியாச்சு.

[ஒரு மடக்கு தண்ணி.]

உணர்ச்சிவசப்பட்டுட்டேன், சாரி. இப்ப எதிர்த் தரப்பு. நியாயமா அவங்க பக்கமும் பேசணும், இல்லேன்னா கமெண்ட்ல தோலை உரிச்சிடுவீங்க.

அவங்க சொல்றது: இது தடையே இல்லப்பா, கடையில வித்துக்கிட்டுத்தான் இருக்கு, வேணும்னா அப்பா அம்மா வாங்கிக் குடுக்கட்டும், எங்க வரிப்பணத்துல ஸ்கூல்ல எதுக்கு? இதுல ஒரு நியாயம் இருக்கு. ஸ்கூல் லைப்ரரியில இடம் கம்மி, தேர்ந்தெடுத்துத்தான் வைக்கணும். மேசன் சிட்டி லிஸ்ட்ல சாரா ஜே. மாஸ் எழுதின ஒரு ஃபேன்டசி நாவலும் இருந்துச்சு. முதல்ல டீனேஜ் புத்தகமா வந்தது, அப்புறம் பதிப்பகமே 2020-ல அதை பெரியவங்களுக்கான புத்தகமா மாத்தி வெளியிட்டாங்க. அதை ஆறாவது படிக்கிற பிள்ளை கையில குடுப்பீங்களான்னு கேட்டா, நான் குடுக்க மாட்டேன். முடிஞ்சுது.

ஆனா இதெல்லாம் ஏஐ வந்ததால வந்த வினைன்னு நினைச்சா தப்பு. ஏஐ இல்லாத காலத்துலயும் கதை இதேதான். 1975 நவம்பர், நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டு, ஐலண்டு ட்ரீஸ் பள்ளி மாவட்டம். அந்த மாவட்டத்துப் பள்ளிகளை நிர்வாகம் பண்ற பள்ளி வாரியத்துல ரெண்டு பேர், ஒரு ராத்திரி, ஸ்கூல் காவலாளிகிட்ட சொல்லி லைப்ரரியைத் திறக்க வெச்சு உள்ள போறாங்க. கையில ஒரு பெற்றோர் அமைப்புகிட்ட வாங்கின லிஸ்ட். புத்தகப் பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கற கார்டு டிராயரை இழுத்து இழுத்து, லிஸ்ட்ல இருக்கற புத்தகம் இங்க இருக்கான்னு தேடறாங்க. ஒன்பது கிடைச்சுது. திருடப் போனவன் கூட இவ்ளோ ஆசையா லைப்ரரியில தேடியிருக்க மாட்டான்!

எடுத்த புத்தகங்களைப் பத்தி வாரியம் பத்திரிகைக்குக் குடுத்த விளக்கம்: அமெரிக்காவுக்கு எதிரானது, கிறிஸ்தவத்துக்கு எதிரானது, யூதருக்கு எதிரானது, சுத்த அசிங்கம். அந்த 'அமெரிக்காவுக்கு எதிரானது'க்கு என்ன ஆதாரம் தெரியுமா? ஆலிஸ் சில்ட்ரெஸ் எழுதின ஒரு டீனேஜ் நாவல், போதைக்கு அடிமையான பதிமூணு வயசுக் கறுப்பினப் பையனோட கதை. அதுல ஓரிடத்துல, ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வெச்சிருந்தார்னு ஒரு வரி வருது. வாரிய உறுப்பினர்கள் ரெண்டு பேர் கோர்ட் விசாரணையில இதையே காரணமா சொன்னாங்க. வாஷிங்டன் அடிமைகளை வெச்சிருந்தது பச்சை உண்மை! உண்மையைச் சொன்னா தேசத் துரோகம். நமக்கு இது புதுசா என்ன?

இன்னொண்ணு, பெர்னார்ட் மாலமுட் எழுதின, புலிட்சர் பரிசு வாங்கின நாவல். யூதர்னு ஒரே காரணத்துக்காகப் பொய்க் கேஸ்ல சிக்கின ஒரு மனுஷனோட கதை. எழுதினவரும் யூதர்தான். அந்தப் புத்தகமும் தூக்கின லிஸ்ட்ல.

அப்புறம் பெற்றோர் நாலு பேர், பள்ளிக்காரங்க நாலு பேர்னு ஒரு கமிட்டி போட்டாங்க. கமிட்டி படிச்சுப் பாத்து சில புத்தகத்தைத் திருப்பி வைக்கச் சொன்னா, வாரியம் அதைப் பெரும்பாலும் மதிக்கல. ஸ்டீவன் பிகோன்னு பதினேழு வயசுப் பையன், இன்னும் நாலு மாணவர்களோட சேர்ந்து 1977-ல கேஸ் போட்டான். 1982-ல உச்ச நீதிமன்றம் 5-க்கு 4-ன்னு மாணவர்கள் பக்கம் நின்னுச்சு. கருத்து பிடிக்கலைங்கிற ஒரே காரணத்துக்காக லைப்ரரியிலேர்ந்து புத்தகத்தை எடுக்கக் கூடாதுன்னு நீதிபதி பிரென்னன் எழுதினார். ஆனா பெரும்பான்மை நீதிபதிகள் ஒரே காரணத்துல ஒத்துப் போகல. அந்த ஓட்டை வழியாத்தான் இன்னை வரைக்கும் லாரி போகுது. 2025-ல டெக்சாஸ் பக்கத்து ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு பொது நூலக வழக்குல, இந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னே சொல்லிடுச்சு. அயோவா சட்டமும் கோர்ட்ல பம்பரம் மாதிரி சுத்துச்சு: 2023 டிசம்பர்ல புத்தகம் எடுக்கச் சொன்ன அந்தச் சட்டத்துக்கே கோர்ட் தடை, 2024 ஆகஸ்ட்ல அந்தத் தடை நீக்கம், 2025 மார்ச்ல சட்டத்துக்கு மறுபடியும் தடை.

இடையில ஒரு காமெடி. யூட்டா மாநிலத்துலயும் இப்படி ஒரு சட்டம். அங்க ஒருத்தர் கடுப்பாகி, அப்ப பைபிளையும் எடுங்கன்னு மனு போட்டார். டேவிஸ் பள்ளி மாவட்டம் 2023-ல நிஜமாவே சின்னக் கிளாஸ் லைப்ரரியிலேர்ந்து பைபிளை எடுத்துடுச்சு! சில வாரத்துல பதறியடிச்சு திருப்பி வெச்சாங்க.

அப்ப என்னதான் பண்ணலாம்னு கேக்கறீங்க. சினிமா மாதிரி சர்டிபிகேட் குடுக்கலாமேன்னு நண்பர் ஒருத்தர் சொன்னார். நம்ம ஊர்ல 2024-லேர்ந்து யு/ஏ-வுக்குள்ளயே 7, 13, 16-ன்னு வயசு பிரிச்சாச்சு இல்லையா, அது மாதிரி. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. ஆனா ஒரு விஷயம் உறைச்சுது. சென்சார் போர்டை நாம எவ்ளோ திட்டினாலும், அங்க நாலு பேர் இருட்டுல உக்காந்து முழுப் படத்தையும், பாட்டு சண்டையெல்லாம் சேர்த்துப் பாத்துட்டுத்தான் கத்திரியைக் கையில எடுக்கறாங்க. புத்தகத்துக்கு அந்த மரியாதை கூட இல்ல. லிஸ்ட்டைப் பாத்தாங்க, துண்டு துண்டா பத்தியைப் பாத்தாங்க, இப்ப ஏஐ-யைக் கேக்கறாங்க. ஒரு புத்தகத்தைத் தூக்கணும்னு மனு குடுக்கறவர், தூக்கறதா முடிவு பண்றவர், ரெண்டு பேரும் அட்டை டு அட்டை படிச்சேன்னு கையெழுத்துப் போடணும். நான் கேக்கறது அவ்ளோதான். படிச்சுட்டு எடுத்தா, அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.

நல்லபடியா நடந்த இடமும் இருக்கு. ஜான் கிரீன், நம்ம சாதிக்காரர், அதாவது யூடியூபர்! அவரோட 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா' நாவலை 2008-ல நியூயார்க் மாநிலம் டெப்யூங்கிற ஊர்ல பதினொண்ணாம் வகுப்புக்குப் பாடமா வெச்சாங்க. ஒரு காட்சிக்காக எதிர்ப்பு கிளம்புச்சு. மனுஷன் கேமரா முன்னாடி உக்காந்து, நான் ஆபாச எழுத்தாளன் இல்லைன்னு வீடியோவே போட்டார். அந்தக் காட்சி வேணும்னேதான் வறட்சியா, சங்கடமா எழுதப்பட்டது, அடுத்த காட்சியில வர்ற நெருக்கத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும்னு விளக்கினார். பள்ளி வாரியம் என்ன பண்ணுச்சு? ஒருமனதா புத்தகத்தை வெச்சுக்கிட்டாங்க. வேண்டாம்னு நினைக்கிற பெற்றோர் தன் பிள்ளைக்கு வேற புத்தகம் கேட்டுக்கலாம். டூர் போக அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வர்ற மாதிரி. என் பிள்ளைக்கு வேண்டாம்னு நான் சொல்லலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து நான் சொல்ல முடியாது.

எங்க ஸ்கூல்ல இந்தப் பிரச்சினையே வந்ததில்ல. ஏன்னா லைப்ரரின்னு இருந்தது ஒரே ஒரு கண்ணாடி பீரோ, அதுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. சாவி ஹெச்.எம். ரூம்ல. அஞ்சு வருஷம் கண்ணாடிக்கு வெளியே நின்னு புத்தகத்தோட முதுகை மட்டும்தான் படிச்சேன். மத்ததெல்லாம் ஃபிசிக்ஸ் புக்குக்குள்ள ஒளிச்சு வெச்ச பாக்கெட் நாவல்.

நீங்க பாடப்புத்தகத்துக்குள்ள எதை வெச்சுப் படிச்சீங்க, யார்கிட்ட மாட்டினீங்கன்னு கீழ கமெண்ட்ல எழுதுங்க. லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் உங்க இஷ்டம். இன்னும் மாட்டாம படிச்சுக்கிட்டிருக்கறவங்க மட்டும் கமெண்ட் போட்டுடாதீங்க. உங்க அம்மாவும் இந்த சேனலைப் பாக்கறாங்க.