கோழிக்குப் பின்னால் வரும் நரி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிற கண்ணுகளே, பின்னால் வண்டியில் சாய்ந்தபடி 'இவரு எப்ப முடிப்பாரு' என்று பார்க்கிற கோபிச் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

'பெரியவர்களைக் கேலி செய்யும் படக்கதைகள் பிள்ளைகளை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா?' இதுதான் தலைப்பு. வளர்க்கின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய டீச்சரம்மா மூன்று குற்றம் சுமத்தினார். மரியாதை போய்விடும், பிள்ளைகள் பார்த்ததைச் செய்வார்கள், இந்தக் கதைகளில் நீதி இல்லை. நான் நீதியிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

1968இல் இங்கிலாந்துக்காரரான பாட் ஹட்சின்ஸ் 'ரோசீஸ் வாக்' என்று ஒரு படப் புத்தகம் போட்டார். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டுக்குத் திரும்புகிறது. கதை அவ்வளவுதான். மொத்தப் புத்தகத்துக்கும் ஆங்கிலத்தில் 32 சொல். ஆனால் படத்தைப் பாருங்க. கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி வருகிறது. பாய்கிறது, தரையில் கிடந்த கருவியை மிதிக்கிறது, அதன் கைப்பிடி எழும்பி மூஞ்சியில் அறைகிறது. அடுத்த பாய்ச்சல் குளத்துக்குள். அப்புறம் தலையில் மாவு கொட்டுகிறது. கடைசியில் தேனீ விரட்டுகிறது. கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'நரி' என்ற சொல்லும் அந்த 32இல் இல்லை!

இப்போது அமுச்சி இதைப் படித்துக் காட்டுகிறார் என்று வையுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தை மட்டும் படிக்கிறார். மடியில் இருக்கிற, எழுத்தே தெரியாத பேத்தி 'அமுச்சி, நரி! நரி!' என்று கத்துகிறாள். அந்த நிமிடம் அந்த வீட்டில் விவரம் தெரிந்தவள் அந்த மூன்று வயசுக்காரிதான். சொல்லப்படுவது ஒன்று, கண்ணுக்குத் தெரிவது இன்னொன்று என்று அவள் பிடித்துவிட்டாள். அவள் சிரிப்பது அதற்குத்தான்.

'இது என்னத்துக்கு ஆகும்' என்று எதிரணி அண்ணன் கேட்டார். நம்ம பக்கம் ஈமு கோழி வளர்த்த கதை மறந்து போச்சுங்களா அண்ணா? பணத்தைக் கட்டு, கோழியை வளர்த்துக் கொடு, மாதம் பிறந்தால் சம்பளம் மாதிரி பணம் வரும் என்றார்கள். பெருந்துறைப் பக்கம் பண்ணை பண்ணையாக நின்றது. 2012இல் மொத்தமும் கவிழ்ந்தது. விளம்பரத்தில் எழுத்து 'லாபம், லாபம்' என்றது. படத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கோழி நின்றது. அதன் கறியை நம் தெருவில் யாராவது கிலோக் கணக்கில் வாங்கித் தின்று பார்த்தோமா? படித்தவர்களும்தான் போய்க் கட்டினோம். பின்னால் நரி வருகிறது என்று கத்த அந்தப் பாப்பா பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாள்.

சரி, நீதிக்கு வருகிறேன். கனடாக்காரர் ஜான் கிளாசன் 2011இல் ஒரு கரடிக் கதை போட்டார். தொப்பியைத் தொலைத்த கரடி, வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் மரியாதையாக விசாரிக்கிறது. ஒரு முயல் சிவப்புத் தொப்பியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, நான் பார்க்கவே இல்லை என்று படபடக்கிறது. கரடிக்கு அப்போது உறைக்கவில்லை. கேட்கிற பிள்ளைகள் பாயிலிருந்து எழுந்து நிற்பார்கள். கடைசிப் பக்கங்களில் தொப்பி கரடி தலையில் இருக்கிறது. முயலைக் காணோம். முயலைப் பார்த்தாயா என்று அணில் கேட்டால், இப்போது கரடி படபடக்கிறது.

'முயலைத் தின்றது தப்பு என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?' என்றார் டீச்சரம்மா. குறைந்துதான் போய்விடுமுங்க. எழுதிவிட்டால் பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடும். எழுதாததால்தான் பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள். 'கரடி பொய் சொல்லுது!', 'முயல்தானே முதல்ல திருடுச்சு?', 'அதுக்காகத் திங்கறதா?' ஒரு தொப்பிக்காக ஒரு பஞ்சாயத்தே கூடிவிடுகிறது.

பார்த்ததைச் செய்வார்கள் என்ற பயத்துக்கு அதிக நேரம் கொடுக்கப்போவதில்லை. கதையில் ராஜா ஜட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டால் பிள்ளை சிரிக்கிறது என்றால், ஜட்டி எங்கே இருக்க வேண்டும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். தெரியாத பிள்ளைக்குச் சிரிப்பு வராது.

மரியாதை பற்றிப் பேசுவோம். வில்லியம் ஸ்டெய்க் 1969இல் வரைந்த ஒரு கதையில் எல்லாரும் விலங்குகள். போலீஸ்காரர்கள் பன்றிகளாக வந்தார்கள். அமெரிக்கப் போலீஸ் சங்கங்கள் கொதித்துப் போயின. சில ஊர் நூலகங்களில் புத்தகம் அலமாரியை விட்டு இறங்கியது. அதே கதையில் அப்பா, அம்மா, மகன் மூவரும் கழுதைகள். அப்பா அம்மாக்கள் சங்கம் சேர்ந்து புகார் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. கேட்டுப் பழகியிருப்பார்கள் போலிருக்கிறது.

1936இல் மன்ரோ லீஃப் எழுதிய பெர்டினாண்ட் என்ற காளையின் கதி இன்னும் மோசம். அது முட்டப் போகாது, மரத்தடியில் உட்கார்ந்து பூவை மோந்துகொண்டிருக்கும். காங்கேயம் சந்தையில் நின்றால் அதற்கு விலை போகாதுதான். ஆனால் பிராங்கோவின் ஸ்பெயினில் அந்தப் புத்தகத்துக்குத் தடை. ஹிட்லரின் ஜெர்மனியிலும் தடை. பீரங்கி வைத்திருந்தவர்களுக்குப் பூ மோக்கிற மாட்டைக் கண்டு பயம்!

நம் கதைக்கே வாங்க. நாவல் மரத்தில் ஒரு பொடியன். கீழே தமிழுக்கே பாட்டியான ஔவையார். 'சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா' என்று கேட்டு, மண்ணில் விழுந்த பழத்தை ஊத வைத்து, 'என்ன பாட்டி, பழம் சுடுகிறதா?' என்று அந்தப் பெரிய மனுஷியைக் கிண்டல் செய்தான். அவனை நாம் என்ன செய்தோம்? பெரியவர்களை மதிக்கத் தெரியாத பையன் என்று ஒதுக்கினோமா? சென்னிமலையிலும் மருதமலையிலும் படியேறிப் போய்க் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஔவையாரின் பெருமை அதில் குறைந்ததா, டீச்சரம்மா?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கறுப்பாக இருப்பவரை, குண்டாக இருப்பவரை, திக்கிப் பேசுபவரைக் கேலி செய்கிற புத்தகம் வந்தால் எதிரணியோடு சேர்ந்து நானும் வேண்டாம் என்பேன். வலுத்தவன் இளைத்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. நான் பேசுவது சின்னது பெரியதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைப் பற்றி. ஆனால் முதல் வகையைத்தான் நாம் டிவி காமெடியில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம், பிள்ளைக்கும் ஒரு தட்டு பஜ்ஜி கொடுத்து. அங்கே வராத கவலை படப் புத்தகத்தைக் கண்டால் மட்டும் வருகிறது.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்துப் பேசப்போகிற அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822இல் லண்டனில் அச்சேறியது. அதில் வருகிற குரு, ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையோடு சீடனை அனுப்புகிறார். ஆற்றைக் கடந்த பின் ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று எல்லாரும் ஒப்பாரி வைக்கிறார்கள். வாத்தியாரை இதைவிட மோசமாக யாரும் கிண்டல் செய்ததில்லை. அண்ணா, அந்தக் கதைக்குச் சின்ன வயசில் நீங்கள் சிரித்தீர்களா, இல்லையா? அதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் உங்கள் உரையை ஆரம்பியுங்கள். வணக்கமுங்க.