பெஸ்ஸி கோல்மன்: சிக்கின ஸ்பேனரும் கழட்டின பெல்ட்டும்

வணக்கம் மக்களே! இன்னைக்கு விமானம் ஓட்டின பெஸ்ஸி கோல்மன் கதை. 1892-ல டெக்சாஸ்ல பொறந்தவங்க. சிகாகோவுல ஒரு சலூன்ல மேனிக்யூர் வேலை. கறுப்பினப் பொண்ணுன்னு அமெரிக்காவுல எந்த ஃப்ளையிங் ஸ்கூலும் சேர்த்துக்கல. விட்டாங்களா? ஃப்ரெஞ்சு கத்துக்கிட்டு பிரான்ஸுக்கே போயி, 1921 ஜூன் 15-ல பைலட் லைசென்ஸ் எடுத்துட்டாங்க. எனக்கு இது சாதாரணப் பிடிவாதமா தெரியல.

பழகினது நியூபோர்ட் 82-ங்கிற விமானம். மரச் சட்டம், மேல துணி. ஸ்டீயரிங்கும் இல்ல, பிரேக்கும் இல்ல. கையில ஒரு குச்சி: முன்னால தள்ளினா மூக்கு இறங்கும், இழுத்தா ஏறும், பக்கவாட்டுல சாய்ச்சா இறக்கை சாயும். காலுக்கு ஒரு கட்டை, அது வாலைத் திருப்பும். இஞ்சின் சத்தத்துல வாத்தியார் பேசுறது காதுல விழாது. அவர் குச்சிய அசைச்சா உங்க குச்சியும் சேர்ந்து அசையும், அதைப் பார்த்துதான் கத்துக்கணும். தரையில இறங்கினதும் வாலுக்கு அடியில இருக்கிற இரும்பு மண்ணைக் கீறிக்கிட்டே இழுபடும், அப்படித்தான் நிக்கும்.

1922 செப்டம்பர் 3-ல நியூயார்க் பக்கம் அமெரிக்காவுல முதல் விமான ஷோ. அடுத்த வருஷம் பிப்ரவரியில சாண்டா மோனிகாவுல ஏறின கொஞ்ச நேரத்துல, 300 அடி உயரத்துல இஞ்சின் நின்னுடுச்சு. இஞ்சின் போனா உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாத்தணும். வேகம் விட்டுப்போச்சுன்னா, திரும்பப் பிடிக்க உயரம் வேணும், 300 அடி பத்தாது. வண்டி மூக்கு குத்தி விழுந்து, காலும் விலா எலும்பும் உடைஞ்சது. குணமானதும் மறுபடி ஷோ.

1926 ஏப்ரல் 30, ஜாக்சன்வில். டல்லாஸ்ல வாங்கின பழைய ஜென்னி விமானம். அங்கிருந்து ஓட்டிட்டு வரும்போதே இஞ்சின் தகராறு பண்ணி வழியில இறக்க வேண்டியதாச்சு. அடுத்த நாள் ஷோவுல பாராசூட்ல குதிக்கணும், அதுக்கு மேல இருந்து இடம் பார்க்கணும். மெக்கானிக் முன் சீட்டுல ஓட்டுறார், இவங்க பின் சீட்டுல. குள்ளமான உருவம், பெல்ட் போட்டா விளிம்புக்கு மேல எட்டிப் பார்க்க முடியாது. கழட்டிட்டாங்க. அன்னைக்கு பாராசூட்டும் மாட்டல.

வண்டி திடீர்னு தலைகுப்புற பாய்ஞ்சு கவிழ்ந்தது. பெஸ்ஸி வெளிய விழுந்து இறந்துட்டாங்க, வயசு 34. மெக்கானிக்கும் வண்டியோட போயிட்டார். உடைஞ்சு கிடந்ததைப் பிரிச்சுப் பார்த்தா, வேலை பார்த்துட்டு எடுக்காம விட்ட ஒரு ஸ்பேனர் கண்ட்ரோல்ல சிக்கிக் கிடந்தது.